ஒன்பதாம் படி: மூன்று கிண்ணம் தேநீர்

பெரிஸாத்தின் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் சாகவில்லை, பெண் வீட்டில் யாரும் ஓடிப்போகவில்லை. இரண்டு தடவையும் காரணம் ஒரு கைப்பேசிச் செயலி.

செயலியின் பெயர் உயூர். குதிரை மந்தை என்று அர்த்தம். குதிரையின் கழுத்தில் ஒரு பட்டை, பட்டைக்குள் ஒரு சின்னப் பெட்டி. கைப்பேசியைத் திறந்தால் நம் குதிரை எந்தச் சரிவில் நின்று யாருடைய புல்லைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில், ஓஷ் பஜாருக்குப் பின்னால், ஒரு பல் வைத்தியரின் மாடியில் பதினான்கு பேர் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். அதில் பதினொரு பேர் குதிரை மேல் ஏறியதே இல்லை. மிச்சம் மூன்று பேர் ஏறி, விழுந்து, அதனால்தான் கம்ப்யூட்டர் படித்தார்கள்.

கம்பெனியின் முதலாளி எர்மெக் என் தம்பி மகன். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தான். கையில் ரொட்டி, முகத்தில் காரியம்.

"பெரியப்பா, ஒரு காகிதம் எழுதணும்."

"உயிலா? என்கிட்ட இருக்கிறது ஒரு ரேடியோ. அது உனக்குத்தான், எடுத்துட்டுப் போ."

"அதில்ல. முத்திரை போட்ட செயலியை எப்படிச் சோதிக்கிறதுன்னு எழுதணும். எல்லாம் பெரிஸாத் தலைக்குள்ள இருக்கு. வெளிய எடுக்கணும்."

"அதுக்கு உங்க கீழ்வீட்டுக்காரன் போதுமே. பிடுங்கறதுதானே அவன் தொழில்."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னான்.

செயலிக்கு இரண்டு உருவம் உண்டாம். ஒன்று, நிரல் எழுதுகிற பையன்கள் நாள் முழுக்க வைத்துக்கொண்டு விளையாடுகிற பயிற்சிப் பிரதி. அது வீட்டு உடுப்பு மாதிரி. பொத்தான் போடாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, ஊருக்கு அனுப்புகிற பிரதி. அதை இறுக்கிச் சுருக்கி, கம்பெனியின் ரகசிய முத்திரையைப் பதித்து அனுப்ப வேண்டும். நம் ஆட்கள் குதிரைத் தொடையில் சூட்டுக்குறி போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேறு குறியோடு ஒரு பிரதி வந்தால், கைப்பேசி அதைப் பழைய செயலியின் மேல் ஏற விடாது. இது உன் மந்தையில் இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிடும்.

பையன்கள் எல்லோரும் பயிற்சிப் பிரதியைப் பார்த்துவிட்டு, "என் போன்ல ஓடுது" என்று எழுந்து போய்விடுவார்கள். முத்திரை போட்ட பிரதியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்க்கிறவள் பெரிஸாத் ஒருத்திதான். அவள் இல்லாத நாளில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரதி வெளியே போயிற்று. மலைப்பக்கம் நாரினில் முந்நூறு குதிரைகள் ஒரே இரவில் சீன எல்லைக்குள் போய்விட்டதாக வரைபடம் காட்டியது. உண்மையில் அவை லாயத்தில் நின்றுகொண்டிருந்தன. ஆனால் அதற்குள் பதினேழு பேர் சேணம் பூட்டி எல்லை வரை போய், அங்கே காவலுக்கு நின்ற பையனோடு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அதிலிருந்து எர்மெக்குக்குப் பெரிஸாத் கண்ணில் படவில்லை என்றால் மூச்சு முட்டும்.

"அவ கல்யாணத்துக்கு லீவு கேக்கறா. மே இருபத்தெட்டு, சனிக்கிழமை. ஆனா அந்த வாரம்தான் இந்த வருஷப் பிரதி போகணும். சனிக்கிழமை மேய்ப்பர்கள் மலை ஏறிடுவாங்க. மேல நெட் கிடையாது. காகிதத்தை வச்சு, அவளைக் கூப்பிடாம, இன்னொரு ஆள் முழுசாச் சோதிச்சுக் காட்டினா லீவு. இல்லேன்னா..."

இல்லேன்னாவை அவன் முடிக்கவில்லை. ரேடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

ஏன் என்னிடம் வந்தான் என்றால், முப்பத்தொரு வருஷம் நான் இதே வேலைதான் செய்தேன். நகரத்துக்கு ஃப்ரூன்ஸே என்று பெயர் இருந்த காலத்தில், வைக்கோல் கட்டும் யந்திரம் செய்கிற தொழிற்சாலையில் கையேடு எழுதுகிறவன். யந்திரத்தைத் தொட்டதே இல்லாதவன், காகிதத்தைப் பார்த்து அதை ஓட்ட வேண்டும். அப்படி எழுத வேண்டும். என் கையேட்டைப் படித்துவிட்டு கோச்கோரில் ஒரு கழுதை யந்திரத்தை ஓட்டியதாகச் சொல்வார்கள். அது மிகை. கழுதை பிரேக்கை மட்டும்தான் பிடித்தது.

பெரிஸாத்தோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். மெலிந்த பெண். பேசும்போதே கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, குலுக்கி, நெட்டை நிறுத்தி, மறுபடி போட்டு, அதை ஒரு திருடனை விசாரிக்கிற மாதிரி விசாரித்துக்கொண்டே இருப்பாள்.

"முதல்ல பயிற்சிப் பிரதியைத் தூக்கிடணும் தாத்தா. அப்புறம் கடையில இப்ப இருக்கிற பழைய பிரதியைப் போட்டு, ஒரு குதிரையைச் சேர்க்கணும். அதுக்கு மேலதான் புதுப் பிரதியை ஏத்தணும். பழசை அழிச்சிட்டு ஏத்தக் கூடாது."

"ஏன்?"

"மேய்ப்பன் அழிக்க மாட்டான். அவன் போன்ல தானா மேல வந்து உக்காரும். முத்திரை தப்பா இருந்தா அங்கதான் தெரியும். அழிச்சிட்டு ஏத்தினா எந்தத் திருட்டுப் பிரதியும் ஏறிடும்."

எழுதிக்கொண்டேன்.

"அப்புறம் குதிரைப் பட்டியலைத் திறக்கணும். அதுல எர்மெக்னு ஒரு குதிரை இருந்தா நிறுத்திடணும்."

"என் தம்பி மகன் பேர்லயா?"

"பயிற்சி சர்வர்ல இருக்கிற குதிரைக்கெல்லாம் ஆபீஸ் ஆளுங்க பேருதான். எர்மெக் நொண்டிக் குதிரை. அது பட்டியல்ல வந்தா, பிரதி இன்னும் நம்ம பயிற்சி சர்வரைத்தான் பாத்துட்டிருக்குன்னு அர்த்தம். ஊருக்குப் போகக் கூடாது."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நொண்டியை மட்டும் எடுக்கச் சொன்னாரு. எடுத்துட்டேன். இப்ப ஆண்மை நீக்கின குதிரை."

நடுநடுவே மாப்பிள்ளை உலான் வீட்டிலிருந்து போன் வரும். அவள் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவாள். கல்யாண விருந்துக்கு அடிக்க என்று நாரினில் ஒரு கொழுத்த பெண் குதிரையை வைத்திருந்தார்கள். முதல் தடவை தள்ளிப்போனபோது அது சினையாயிற்று. இரண்டாவது தடவை தள்ளிப்போனபோது குட்டி போட்டது. இப்போது அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை, வேறு குதிரை வாங்கியிருக்கிறார்கள்.

"மூணாவது தடவை தள்ளினா உலானுக்கு வேற இடம் பாக்கறாங்களாம் தாத்தா."

"உலான் என்ன சொல்றான்?"

"வேணாம்னு சொல்லுவாரு. ஆனா மெதுவாச் சொல்லுவாரு. அவங்க அம்மாவுக்குக் காது மந்தம்."

பதினான்கு படிகள் எழுதி முடித்தேன். அதன் பிறகு என் பழைய வழக்கப்படி ஒரு காரியம் செய்தேன்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு கையேட்டையும் பதினொரு பொறியாளர்கள் படித்து, "படித்தேன், சம்மதம்" என்று கையெழுத்துப் போடுவார்கள். படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக நான் ஒவ்வொன்றிலும் ஒரு பைத்தியக்கார வரியை நுழைத்து வைப்பேன். யாராவது சிரித்துக்கொண்டே அடித்துக் காட்டுவார்கள் என்று காத்திருப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவர்கூட அடிக்கவில்லை. "இயக்குவதற்கு முன் யந்திரத்திடம் உங்கள் தகப்பனார் பெயரைச் சொல்லவும்" என்று ஒரு தடவை எழுதினேன். தாலாஸில் ஒருவர் பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் சொல்லிவிட்டு ஓட்டினார். ஒரு நாள் அவர் மச்சினன் வந்து மாற்றிச் சொன்னான், அன்றைக்கு யந்திரம் கிளம்பவில்லை. நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவருடைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காகிதத்தில் எட்டாம் படி, குதிரைக்கு அடையாளக் குறிப்பு எழுதி, புகைப்படத்தோடு சேமிப்பது. பத்தாம் படி, குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. நடுவே இதை வைத்தேன்:

"ஒன்பதாம் படி: கைப்பேசியை மேஜையில் கவிழ்த்து வைத்து, மூன்று கிண்ணம் தேநீர் குடிக்கவும். அவசரப்படக் கூடாது."

ஆறு பேர் படித்தார்கள். நிரல் பிரிவின் தலைவன் மக்சாத் படித்தான். "அருமையா இருக்கு, பெரியவரே. தெளிவு." வடிவமைக்கிற பெண் படித்தாள். "ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல." எர்மெக் எழுந்து நின்றே படித்தான். பெரிஸாத்தும் படித்தாள். ஒன்பதாம் வரியில் அவள் கண் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு "படித்தேன், சம்மதம்" என்று போட்டாள். எழுபத்தெட்டு வயதுக் கிழவன் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று சொல்ல எங்கள் ஊரில் இன்னும் யாரும் பிறக்கவில்லை. அதற்கு எழுபத்தொன்பது வயதுக் கிழவன் வேண்டும். அவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சோதனை. ஒன்றும் தெரியாத ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கம்பெனி டிரைவர் போலோத்தைக் கொண்டுவந்தார்கள். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கோக்-போரு ஆட்டக்காரன், குதிரை மேலிருந்து குனிந்து தலையில்லாத ஆட்டைத் தரையிலிருந்து அள்ளுகிறவன். கைப்பேசி அவன் உள்ளங்கையில் ஒரு பொத்தான் மாதிரி இருந்தது.

"தப்பாப் பண்ணிட்டா, பெரியவரே?"

"காகிதம் தப்பு. நீ தப்பில்ல. எழுதினதை மட்டும் செய்."

பெரிஸாத் வெளி நடையில், கைகளைக் கால்களுக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அவளைக் கூப்பிடக் கூடாது என்பதுதானே போட்டியே. போலோத் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்து, செய்து, அடிக்கோடு போட்டான். எர்மெக் என்ற குதிரை பட்டியலில் இல்லை. "எர்மெக் இல்ல," என்று அவன் அறிவித்தபோது எர்மெக் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒன்பதாம் படி வந்தது. கைப்பேசியைக் கவிழ்த்தான். எழுந்து போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தான். ரொட்டி எடுத்தான், ஜாம் எடுத்தான். குடித்தான். அவசரப்படக் கூடாது என்று எழுதியிருந்ததால் அவசரப்படவில்லை. முப்பத்தைந்து நிமிஷம். ஆறு பேர் சுவரோரம் நின்று, ஒரு மனுஷன் தேநீர் குடிப்பதை மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பத்தாம் படி. கைப்பேசியை நிமிர்த்தினான்.

"பெரியவரே, குறிப்பு இல்ல."

"நல்லாப் பார்."

"குறிப்பு மட்டுமில்ல. குதிரையே இல்ல."

மக்சாத் தன் கைப்பேசியை எடுத்து அதே மாதிரி செய்து காட்டினான். "என் போன்ல வருதே." அவனுடையது பயிற்சிப் பிரதி. முத்திரை போட்ட பிரதியில் நான்கு தடவை செய்தார்கள், நான்கு தடவையும் குதிரை காணாமல் போயிற்று.

சாயங்காலத்துக்குள் காரணம் தெரிந்தது. ஊருக்கு அனுப்புகிற பிரதியைச் சுருக்கும்போது, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத துண்டுகளையெல்லாம் வேண்டாதது என்று சுருக்கும் கருவி வெட்டி எறிந்துவிடுமாம். தொண்ணூறுகளில் எங்கள் தொழிற்சாலையிலும் இப்படித்தான் ஆள் குறைத்தார்கள். யாரும் கூப்பிடாதவர்களை எல்லாம் அனுப்பினார்கள். அதில் கொதிகலன் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரும் போய்விட்டார். இங்கே வெட்டுப்பட்டது, ரொம்ப நேரம் தொடாமல் வைத்த கைப்பேசி செயலியை உறங்கப் போட்டால், எழுந்ததும் பழையதை நினைவுபடுத்துகிற துண்டு. மலையில் மேய்ப்பன் செய்வது அதுதான். குதிரையைக் குறித்துக்கொள்வான், கைப்பேசியைப் பைக்குள் போடுவான், கூடாரத்துக்குள் போய்க் குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் குடிப்பான். பெரிஸாத் கைப்பேசியை ஒரு நிமிஷம் சும்மா விடுகிறவள் இல்லை. அதனால் மூன்று வருஷத்தில் அவள் கண்ணில் இது பட வழியே இல்லை.

எர்மெக் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒன்பதாம் படி. எப்படிப் பெரியப்பா தோணிச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதை எங்கள் ஊரில் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சரி, லீவு கிடைத்ததா? காகிதம் ஜெயித்தது. அவளைக் கூப்பிடாமலே சோதனை நடந்தது. ஆனால் பிரதி தோற்றுவிட்டதே. புதுப் பிரதி வர வேண்டும், அதையும் சோதிக்க வேண்டும். "பிரதி வெளிய போகட்டும், அப்புறம் அவ போகட்டும்," என்றான் எர்மெக். செவ்வாய்க்கிழமை ஒரு பிரதி வந்தது. அவசரத்தில் பயிற்சி முத்திரையைப் பதித்துவிட்டார்கள், கைப்பேசி வாங்க மாட்டேன் என்றது. புதன்கிழமை வந்ததில் குறிப்பு திரும்பி வந்தது, புகைப்படம் வரவில்லை. வியாழக்கிழமை வந்ததில் புகைப்படம் வந்தது, வேறு யாருடைய குதிரையோ. ஏறிய ஒவ்வொன்றுக்கும் போலோத் முதல் படியிலிருந்து ஆரம்பித்து, ஒன்பதாம் படியில் மூன்று கிண்ணம் குடித்தான். வியாழன் மாலை கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெரியவரே, ஆட்டத்துல விலா உடைஞ்சப்பகூட இவ்வளவு கஷ்டமில்ல."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசிப் பிரதி வரும் என்றார்கள். நாரினுக்கு ஐந்து மணி நேரப் பாதை. இரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் மாப்பிள்ளை வீட்டார் எதிர்கொண்டு அழைப்பார்கள். பெரிஸாத் காலையிலேயே பெட்டியோடு வந்திருந்தாள். எர்மெக் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "இந்த ஒரு தடவை மட்டும் கூட இரும்மா. போலோத் பண்ணட்டும், நீ பக்கத்துல இருந்தா போதும். அஞ்சு மணிக்கு நானே கொண்டுபோய் விடறேன்," என்றான். இந்த ஒரு தடவை மட்டும் என்பதை தள்ளிப்போன இரண்டு கல்யாணத்துக்கு முன்னாலும் அவள் காதில் வாங்கியிருக்கிறாள். நேரே நடைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்: "தாத்தா, அந்த ஒன்பதாம் படி விளையாட்டுக்குத்தானே?"

"கண்டுபிடிச்சிட்டியா?"

"அன்னைக்கே. அடிச்சிருப்பேன். அடிச்சா காகிதத்துல தப்புன்னு ஆயிடும். ஆறு பேரும் மறுபடி படிக்கணும். ஒரு வாரம் போயிடும். என் கல்யாணம் போயிடும். அதான் சும்மா இருந்துட்டேன்."

"நல்ல வேளை."

"என்ன நல்ல வேளை. அன்னைக்கு அடிச்சிருந்தா அந்தத் தப்பு யார் கண்ணுலயும் படாது. நான் இந்நேரம் நாரின்ல இருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேய்ப்பர்களுக்குத்தான் குதிரை காணாமப் போயிருக்கும்."

இத்தனை வருஷத்தில் என் வரியைப் படித்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவள்தான். அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். செய்யத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளே போய், பேனாவை எடுத்து, முதல் படிக்கு மேலே இருந்த வெள்ளை இடத்தில் எழுதினேன்:

"தொடங்குவதற்கு முன்: பெரிஸாத் கட்டிடத்தில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும். இருந்தால் சோதனை செல்லாது."

எழுதிக் கையெழுத்தும் போட்டேன். காகிதத்தைப் போலோத்திடம் கொடுத்தேன். பிரதி வந்தது. அவன் விரலை முதல் வரியில் வைத்து வாய்விட்டுப் படித்தான். நிமிர்ந்தான்.

"அண்ணே, பெரிஸாத் கட்டிடத்துலதான் இருக்காங்க. நான் ஆரம்பிக்க முடியாது."

எர்மெக் காகிதத்தை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான். "பெரியப்பா, இது... எதுக்கு?"

"ஒன்பதாம் படி எதுக்குன்னு அன்னைக்குக் கேட்டியா?"

அவன் மக்சாத்தைப் பார்த்தான். மக்சாத் மெதுவாகத் தலையாட்டினான். "அவரு காரணமில்லாம எழுத மாட்டாரு, எர்மெக். பக்கத்துல தெரிஞ்ச ஆள் இருந்தா போலோத் அவங்க முகத்தைப் பாப்பான். போனைப் பாக்க மாட்டான்." நான் நினைத்தே பார்க்காத காரணம். நல்ல காரணம். கேட்டுக்கொண்டேன்.

"நடையில நிக்கலாமா?" என்றான் எர்மெக்.

"நடை கட்டிடத்துல சேராதா?" என்றேன்.

"வாசல்ல?"

போலோத் சொன்னான்: "வாசலும் கட்டிடம்தான் அண்ணே. மேய்ப்பர்கள் காத்துட்டிருக்காங்க. நேரமாகுது."

எர்மெக் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பெரிஸாத் ஓடாமல், ஆனால் ரொம்ப வேகமாக, அவன் பின்னால் போனாள். நாரின் போகிற வாடகைக் காரில் ஒரு இடம்தான் காலி இருந்ததாம், ஒரு செம்மறி ஆட்டுக்கும் டி.வி.க்கும் நடுவில். அவள் உட்கார்ந்துகொண்டாள். மணி ஒன்றே கால்.

போலோத் பதினான்கு படிகளையும் முடித்தான். மூன்று கிண்ணத்துக்குப் பிறகு கைப்பேசியை நிமிர்த்தினான், குதிரை நின்றது, குறிப்பும் நின்றது, புகைப்படத்திலும் அதே குதிரை. நாலரைக்குப் பிரதி வெளியே போயிற்று. இருட்டுவதற்கு முன்னால் பெரிஸாத் நாரினில் இறங்கிவிட்டாள். மறுநாள் கல்யாணத்தில் எர்மெக் ஒரு கையில் கறித் துண்டும் மறு கையில் கைப்பேசியுமாக உட்கார்ந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. அதற்கும் கொஞ்சம் கவலைப்பட்டான்.

ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் படிக்கு மேலே உள்ள அந்த வரி மட்டும் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. எடுக்க வேண்டும் என்றால் இந்தக் கிழவன் எழுதியது தப்பு என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். ஆகவே முத்திரை போட்ட பிரதி வருகிற ஒவ்வொரு நாளும், கம்பெனியிலேயே அதை நன்றாகச் சோதிக்கத் தெரிந்த ஒரே ஆளை, சம்பளத்தோடு, மரியாதையாக வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவள் நேரே நாரினுக்குக் கார் ஏறிவிடுகிறாள். இதுவரை ஏழு பிரதி போயிருக்கிறது. ஒன்றிலும் குறை வரவில்லை. அது அந்த வரியால்தான் என்று மக்சாத் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

உலான் மாதத்துக்கு ஒரு தடவை மக்சாத்துக்குப் போன் செய்து, அடுத்த பிரதி எப்போது வருகிறது என்று கேட்கிறானாம். நாரின் வட்டாரத்தில் எங்கள் செயலியின் மேல் அவ்வளவு அக்கறை உள்ள ஆள் வேறு யாரும் இல்லை. அவனிடம் குதிரை கிடையாது.